இடது மரை

"தொட்டா கை போயிடும்."

இந்த மூன்று வார்த்தைகளைச் சொன்னதற்காக ஒரு மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாலை ஐந்து அடித்தால் கொலை முயற்சி வழக்கில் உள்ளே போய்விடுவார். இப்போது மணி மூன்றேகால்.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து டப்பா இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய தகர டப்பா மாதிரி ஓயாத வாய் என்பதால் ஊர் வைத்த பெயர் இதுதான் நிலைத்தது. ஸ்கூட்டரை ஓட்டியவர் சர்வேயரம்மா. இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடையையும் கவிழ்ந்த லாரியையும் அளந்து அளந்து, யார் எதைச் சொன்னாலும் நம்பாத பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆனதும் அந்தக் கெட்ட பழக்கத்தையே தொழிலாக்கி ஒரு துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். டப்பா அங்கே உதவியாளன், டீ வாங்குபவன், திட்டு வாங்குபவன், எல்லாம் அவன்தான்.

ஒர்க்‌ஷாப் கேட்டருகே ஒரு பெண் காத்திருந்தாள். மருந்துக் கடை வேலைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் கேஸ் கட்டிங் மாஸ்டரின், அதாவது கேஸ் நெருப்பால் இரும்பை அறுப்பவரின், மகள்.

"மேடம், எங்கப்பா அப்படிப்பட்ட ஆளே இல்ல மேடம்."

"எந்த மக வந்தாலும் இதைத்தாம்மா சொல்லுது," என்றார் சர்வேயரம்மா, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "நேத்து சாயங்காலம் சூப்பர்வைசர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாராம். வெல்டர் அண்ணன் கேட்டிருக்காரு."

"சரி. சொன்னாரு. காலையில அதே சூப்பர்வைசர் அவரோட கட்டிங் செட்டைத் தொட்டாரு, கை வெந்து போச்சு. நான் போலீஸா இருந்தாலும் உங்கப்பாவைத்தான் தூக்கியிருப்பேன். இதுக்கு அவர் என்னதான் சொல்றாரு?"

"முதலாளிக்குத் தெரியும், அவரு சொல்லுவாருன்னு ஒரே பாட்டு. அதைவிட்டா, வால்வை மூடியாச்சா, வால்வை மூடியாச்சான்னு கேக்கறாரு. வேற பேச்சே இல்ல." அவள் குரல் உடைந்தது. "ஃபைலுக்கு ஒரு போட்டோ கேட்டாங்க மேடம். எங்க வீட்ல அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல. அடையாள அட்டையில இருக்கறதுதான். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, அப்பா இடது கையால போட்டாரு. அதுக்கும் ஏதோ திருடனைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க."

"இடது கைக்காரனைப் பார்த்தா சந்தேகம் வரத்தான் செய்யும்," என்றான் டப்பா. "எங்க வீட்டு ஓனர் வாடகையை ரெண்டு கையாலயும் வாங்கறாரு, அவரை யாரும் பிடிக்க மாட்டேங்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. டப்பாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. சர்வேயரம்மா அதற்குள் விறுவிறுவென்று உள்ளே நடந்துவிட்டார்.

லாரிக்கு பாடி கட்டும் ஒர்க்‌ஷாப் அது. மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வெளி. தரையெல்லாம் இரும்புத் துண்டு. ஒரு மூலையில் தள்ளுவண்டியில் இரண்டு சிலிண்டர்கள் நின்றன. ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் இருந்த ரெகுலேட்டர் கருகி, பித்தளை உருகி வழிந்து, பார்க்கவே பயங்கரமாக இருந்தது. நீலக் குழாய் பாதி எரிந்து தொங்கியது. பக்கத்தில் கேஸ் சிலிண்டர், அதன் ரெகுலேட்டர், சிவப்புக் குழாய் எல்லாம் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தன. சுற்றிலும் போலீஸ் கயிறு.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார்.

"சார், அதைப் பத்த வெச்சுடாதீங்க!" சர்வேயரம்மா போட்ட சத்தத்தில் சிகரெட் இன்ஸ்பெக்டரின் மடியில் விழுந்தது. சர்வேயரம்மா கயிற்றைத் தாண்டிப் போய், கேஸ் சிலிண்டரின் தலையிலிருந்த சாவியைப் பிடித்துத் திருகினார். கால் சுற்று போய் நின்றது. பிறகு மூக்கை நீட்டி ஒரு முறை மோந்தார்.

"காலையிலிருந்து திறந்தே கிடக்கு. யாருக்கும் தோணல. மாஸ்டர் காலையிலிருந்து கேட்டுட்டு இருக்காரே, வால்வை மூடியாச்சா, வால்வை மூடியாச்சான்னு. அவருக்கு யாராவது பதில் சொன்னீங்களா?"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது. "நாங்க... அது ஏதோ சங்கேதம்னு நெனச்சோம் மேடம்."

"சங்கேதமாம்!" டப்பாவால் பொறுக்க முடியவில்லை. "வீட்ல சம்சாரம் அடுப்பை அணைச்சீங்களான்னு கேட்டா என்ன சார் பண்ணுவீங்க, விசாரணைக் கமிஷனா போடுவீங்க?"

"டப்பா, மூடு."

"வால்வையா மேடம்?"

"வாயை."

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். வழக்கை இரண்டே வரியில் சொன்னார். நேற்று சாயங்காலம் மாஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு. இந்த செட்டைத் தொட்டால் கை போய்விடும் என்று மாஸ்டர் மிரட்டியிருக்கிறார். இன்று காலை மாஸ்டர் வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் தானே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று முதலில் கேஸைத் திறந்தார், அடுத்து ஆக்சிஜன் வால்வுக்கு நேர் எதிரே நின்று ஒரே திருகாகத் திறந்தார். குப்பென்று நெருப்பு. வெல்டர் ஓடி வந்து ஈரச் சாக்கைப் போட்டு, ஆக்சிஜனை மூடி, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய் இருந்திருக்கிறது.

"அழுத்தமான ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா தீக்குச்சியே வேண்டாம், தானா பத்திக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இது தொழில் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் தெரியும். எண்ணெய் பாட்டிலும் மாஸ்டரோட டூல் பாக்ஸுக்குள்ளேயே இருந்துச்சு. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

இன்ஸ்பெக்டர் சொல்வதும் சரிதானே என்று டப்பாவுக்குப் பட்டது. மகள் வேறு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதலாளி எங்கே?" என்றார் சர்வேயரம்மா.

முதலாளி ஆபீஸ் அறையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டைக் குரல், சிவந்த கண். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சூப்பர்வைசர் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. வலது கையில் தோல் உரிந்துவிட்டது, விரல்கள் தேறுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்களாம்.

"என் சம்சாரம் அவனை மடியில போட்டு வளர்த்தவ மேடம். காலையிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அந்த மாஸ்டரை நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா? கூடப் பொறந்தவன் மாதிரி வெச்சிருந்தேன்."

"உங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லுவீங்கன்னு அவர் சொல்றாரே. என்ன தெரியும் உங்களுக்கு?"

"எனக்கா?" முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த செட் பக்கம் போயே ஒரு மாசம் ஆச்சு. என்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லவும் இல்ல."

டப்பா அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். மேஜை, பில் புத்தகம், கிரீச்சிடும் சுழல் நாற்காலி. சுவரில் பெரிய சட்டம் போட்ட ஒரு பழைய போட்டோ. கறுப்புக் கண்ணாடியும் தோல் ஏப்ரனும் மாட்டிய ஒருவர் கட்டரைப் பிடித்து இரும்புத் தகட்டை அறுத்துக்கொண்டிருக்கிறார், பொறி மழையாகக் கொட்டுகிறது. பின்னால் இதே ஒர்க்‌ஷாப்பின் பெயர்ப் பலகை.

"அது யாரு சார், படத்துல சண்டை போடற ஹீரோ மாதிரி?"

"நான்தான்." முதலாளியின் நெஞ்சு அந்தத் துக்கத்திலும் ஒரு அங்குலம் உயர்ந்தது. "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி. இந்தக் கையால அறுத்து அறுத்துத்தான் இந்த ஒர்க்‌ஷாப்பையே உண்டாக்கினேன். வர்ற பார்ட்டி எல்லாம் இந்தப் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் ஆர்டரே குடுப்பாங்க. முதலாளியே தொழில்காரன்னு ஒரு நம்பிக்கை."

"ஒரு வாக்குமூலம் மாதிரி எழுதிக் குடுங்க சார், ஒரு மாசமா அந்தப் பக்கம் போகலன்னு," என்று சர்வேயரம்மா காகிதத்தை நீட்டினார். முதலாளி வலது கையால் சரசரவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டப்பா ஜன்னலில் சாய்ந்து நின்றான். நின்றவன் சட்டென்று முழங்கையை எடுத்தான். ஜன்னல் விளிம்பின் தூசியில் வட்டமாக ஒரு பிசுக்கு, டம்ளர் வைத்து எடுத்த மாதிரி. நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. இந்த நாற்காலிக்கு எண்ணெய் விடுவதற்கு இங்கே ஒரு பாட்டில் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. அவன் சர்வேயரம்மாவைப் பார்த்தான். அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் மறுபடி கயிற்றைத் தாண்டினார்.

"டப்பா, அந்த கேஸ் ரெகுலேட்டர் நட்டைத் தடவிப் பாரு. சிலிண்டர்ல மாட்டற இடத்துல."

அவன் தடவினான். விரல் வழுக்கியது. "எண்ணெய் மேடம். ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இல்ல, தலைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டின மாதிரி."

"ஓரத்துல வெள்ளை வெள்ளையா என்ன?"

"காஞ்ச சோப்பு நுரை மாதிரி இருக்கு."

"நட்டோட மூலை?"

"மழுங்கிப் போயிருக்கு. ஸ்பானரை வெச்சு எவனோ ஜென்மப் பகை மாதிரி திருகியிருக்கான். புதுத் தேய்மானம், பளபளன்னு இருக்கு."

சர்வேயரம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை டப்பா பதினோரு வழக்கில் பார்த்திருக்கிறான். எலி பொறிக்குள் வந்துவிட்டது, கதவுதான் விழ வேண்டும் என்று அர்த்தம். ஆனால் எலி யார் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. வெல்டரா? காலையில் முதலில் ஓடி வந்தவன் அவன்தானே. மிரட்டலைக் கேட்டதாகச் சொன்னவனும் அவன்தான். டப்பா வெல்டரை முறைத்தான். வெல்டர் பாவம், எச்சில் விழுங்கினான்.

"நேத்து மாஸ்டர் சொன்னதை அப்படியே சொல்லுப்பா," என்றார் சர்வேயரம்மா அவனிடம். "வார்த்தை மாறாம."

"சூப்பர்வைசர் அர்ஜென்ட் வேலை இருக்கு, அறுத்துக் குடுன்னாரு. மாஸ்டர் முடியாதுன்னாரு. ‘இது சரியாகற வரைக்கும் நானும் தொட மாட்டேன், நீயும் தொடாதே. தொட்டா கை போயிடும்’னாரு."

"முன்னாடி பாதியை ஏன்யா போலீஸ்ல சொல்லல?"

"அவங்க மிரட்டினதை மட்டும்தான் கேட்டாங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தார். மணி நாலு பத்து.

"சார், சாட்சியப் பொருளா அந்த கேஸ் ரெகுலேட்டரையும் எடுத்துக்கணும் இல்லையா?" என்றார் சர்வேயரம்மா. "கழட்டறதுக்குத் தொழில் தெரிஞ்ச ஆளு வேணும். மாஸ்டர் ஸ்டேஷன்ல. சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில. நல்லவேளை, முதலாளியே பழைய கட்டிங் ஆளு. கூப்பிடுங்க."

முதலாளி வந்தார். சர்வேயரம்மா கட்டரின் குமிழைத் திறந்து, குழாயில் மிச்சமிருந்த கேஸை வெளியே விட்டு, முள் பூஜ்ஜியத்துக்கு வந்ததைக் காட்டினார். பிறகு ஸ்பானரை நீட்டினார்.

முதலாளி ஸ்பானரை வாங்கவே இல்லை. "அது வராது மேடம். ஜாம் ஆகிக் கிடக்கு. சிலிண்டரோட தூக்கிட்டுப் போயிடுங்க."

"தொட்டே பார்க்கலையே சார்?"

"பார்த்தாலே தெரியுது இல்ல?"

"இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு இருக்காரு. ஒரு தடவை முயற்சி பண்ணுங்களேன், இருபத்தெட்டு வருஷத்துக் கை."

வெல்டர் பார்க்கிறான், இரண்டு கான்ஸ்டபிள்கள் பார்க்கிறார்கள், மாஸ்டரின் மகள் பார்க்கிறாள். முதலாளி ஸ்பானரைப் பிடுங்கி, நட்டில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. நட்டு ஒரு மயிரிழையும் நகரவில்லை.

"சொன்னேனே, ஜாம்."

"டப்பா, நீ வா. அவர் திருகின பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமா ஒரு தட்டு தட்டு."

"மேடம், எனக்கு ஊறுகாய் பாட்டிலே திறக்க வராது."

"தட்டுடா."

உள்ளங்கையால் ஸ்பானர் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். டக்கென்று ஒரு சத்தம். அடுத்து ஸ்பானரே தேவைப்படவில்லை, இரண்டு விரலால் நட்டைச் சுற்றிச் சுற்றிக் கழற்றி ரெகுலேட்டரைக் கையில் எடுத்துவிட்டான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இது இடது மரை," என்றார் சர்வேயரம்மா. "கேஸ் பக்கத்து நட்டு எல்லாமே தலைகீழாத்தான் கழலும். ஆக்சிஜன் குழாயைத் தெரியாம கேஸ்ல மாட்டிடக் கூடாதுன்னு வேணும்னே அப்படிப் பண்ணி வெச்சிருக்காங்க. நட்டுல வெட்டுக்கோடு போட்டு அடையாளமும் குடுத்திருக்காங்க பாருங்க. கட்டரைப் பிடிக்கறதுக்கு முன்னாடி முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் இது. கட்டர் வேலை பார்த்தவன் தூக்கத்துலகூட இதை வழக்கமான பக்கம் திருக மாட்டான்."

முதலாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"சார், கொல்லணும்னு நெனச்ச தொழில்காரன் ஆக்சிஜன்ல மட்டும் எண்ணெய் தடவியிருப்பான்," என்று இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "கேஸ் நட்டுல எதுக்குப் பாட்டிலையே கவுக்கணும்? அது கொல்றதுக்கு விட்ட எண்ணெய் இல்ல. கழலாத நட்டைக் கழட்டறதுக்கு விட்ட எண்ணெய். கழட்டறேன்னு நெனச்சு இறுக்கிட்டே இருந்திருக்காரு ஒருத்தர். மாஸ்டர் சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்து, இந்த இடத்துல கேஸ் கசியுதுன்னு கண்டுபிடிச்சு, முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. நுரை இன்னும் காஞ்சு கிடக்கு. அவர் மிரட்டல சார், எச்சரிச்சாரு. ஒரு மாசமா இந்தப் பக்கமே வராத முதலாளிக்கு, தொடறதுக்கு முன்னாடியே நட்டு ஜாம்னு எப்படித் தெரிஞ்சது?"

"ஆபீஸ் ஜன்னல்ல எண்ணெய் பாட்டில் வெச்ச வட்டம் இன்னும் ஈரமா இருக்கு சார்," என்றான் டப்பா. "பாட்டில் மட்டும் கால் முளைச்சு மாஸ்டரோட பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு."

முதலாளி அப்படியே ஒரு இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டைக் குரல் காணாமல் போயிருந்தது.

"நான் அவனைக் கொல்லப் பார்க்கல சார். சத்தியமா இல்ல. மாஸ்டர் வேற ரெகுலேட்டர் போடணும்னான். பழசு ஒண்ணு கிடந்துச்சு. நேத்து எல்லாரும் போனப்புறம் நானே மாத்திடலாம்னு பார்த்தேன். முதலாளியே மாத்திட்டாருன்னு காலையில எல்லாரும் பார்க்கணும்னு... அந்த நட்டு வரல. எண்ணெய் விட்டேன். பக்கத்து ஆக்சிஜன் நட்டாவது வருதான்னு பார்க்க அதுக்கும் விட்டேன், அது வந்துச்சு. திரும்ப மாட்டிட்டேன். எண்ணெய் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது சார்!"

"இந்தக் கையாலதான் ஒர்க்‌ஷாப்பை உண்டாக்கினேன்னு சொன்னீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆஸ்பத்திரியில நீங்க எண்ணெய்னு சொன்னப்ப என் சம்சாரம் பக்கத்துலயே நின்னா. அவ தம்பி கையை நான்தான் எரிச்சேன்னு அவ மூஞ்சியைப் பார்த்து எப்படி சார் சொல்வேன்? யாராவது தொழில் தெரிஞ்சவன்தான்னு நீங்களே சொன்னீங்க. நான்... பாட்டிலைக் கொண்டுபோய் வெச்சேன்."

மாஸ்டரின் மகள் முதலாளியின் எதிரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று டப்பா ஒரு அடி முன்னால் வந்தான்.

"காலையிலிருந்து எங்கப்பா ‘முதலாளி சொல்லுவாரு, முதலாளி சொல்லுவாரு’ன்னுதான் உட்கார்ந்திருக்காரு," என்றாள். "உங்களை அவ்வளவு நம்பியிருக்காரு."

முதலாளி தலை நிமிரவே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அந்தப் பெரியவரை உடனே அனுப்பி வைக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் என்று அவர் சொன்னதை டப்பா கவனித்தான். காலையில் அந்த ஆள் என்றுதான் இருந்திருக்கும்.

இதற்குள் ஆபீஸ் அறைக்குள் போய்வந்த சர்வேயரம்மாவின் கையில் அந்தப் பெரிய போட்டோ இருந்தது. சட்டத்தின் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"முதலாளி, வாக்குமூலத்துல வலது கையால எழுதினீங்க. இதுல இருக்கறவர் கட்டரை எந்தக் கையில பிடிச்சிருக்காரு?"

டப்பா எட்டிப் பார்த்தான். இடது கை. அந்த அறையில் அவ்வளவு நேரம் நின்று, ஹீரோ மாதிரி என்று கிண்டல் வேறு அடித்துவிட்டு, இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறான். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

"கண்ணாடி போட்டா மூஞ்சி தெரியாது," என்றார் முதலாளி முனகலாக. "மாஸ்டர் அது தன் போட்டோன்னு எப்பவும் கேட்டதே இல்ல."

மகள் போட்டோவை இரண்டு கையாலும் வாங்கினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை. அவள் முகத்தைத் தேடவே இல்லை. அந்த இடது கையையே, வளைந்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிச் சட்டத்தில் விழுந்தது.

கேட்டில் ஜீப் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். மகளைப் பார்த்தார், போலீஸைப் பார்த்தார், இரும்புக் கட்டையில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை. நேராகத் தள்ளுவண்டியைப் பார்த்துத்தான் நடந்தார்.

"வால்வை மூடியாச்சா?"

"மூடியாச்சுப்பா," என்றாள் மகள், போட்டோவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "எல்லாம் மூடியாச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அப்படியும் அவர் நம்பவில்லை. இடது கையை நீட்டி இரண்டு சிலிண்டரின் வால்வையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.